படிக்க முடியாத கடதாசியில் கையெழுத்து: பொய் வழக்கு, பிழையான தடயவியல், நமது உரிமைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நீதிமன்றத்துக்கு வெளியே, தவணை நாட்களில் நிழல் தேடி நிற்கிற அம்மாமாரும் அக்காமாரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி என்று எங்கிருந்து வந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

நீங்கள் யார், சட்டத்தரணியா?

இல்லை. சிங்களமும் தமிழும் எழுத வாசிக்கத் தெரிந்தவள், அவ்வளவுதான். ஒரு நாள் மூதூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா பொலித்தீன் பையிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுத்து நீட்டி, "பிள்ளை, இதில என்ன எழுதிக் கிடக்கு எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு" என்றார். குற்றப்பத்திரிகையோடு வந்த, மகனுடைய வாக்குமூலத்தின் பிரதி. ஆறு பக்கமும் சிங்களம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மட்டும் தமிழில் ஒரு கையெழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோல உருட்டி உருட்டி எழுதின பெயர். நான் வரிவரியாகத் தமிழில் சொல்லி முடித்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "இவ்வளவும் அவன் சொன்னவனோ?" அந்தக் கேள்வியைத்தான் அன்றிலிருந்து எனக்குக் கிடைக்கிற ஒவ்வொரு கடதாசியிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அது பொலிஸ் எழுதியதாக இருந்தாலும் சரி, ஆய்வுகூடம் எழுதியதாக இருந்தாலும் சரி.

செய்யாத குற்றத்தை ஒருவன் ஏன் ஒப்புக்கொள்ளப் போகிறான்?

எல்லோரும் கேட்கிற கேள்வி, பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்கூடச் சில நேரம் கேட்கிறார்கள். அடி, பயம், நித்திரை இல்லாமல் நாட்கணக்கில் நடக்கும் விசாரணை, "கையெழுத்து வை, பின்னேரம் வீட்டுக்குப் போகலாம்" என்ற வாக்குறுதி, இவை போதும். மொழியும் தெரியாவிட்டால் என்ன ஒப்புக்கொள்கிறோம் என்றே தெரியாது.

நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 1993 இல் கைது செய்யப்பட்டவர். அவர் தமிழில் சொன்னதாகச் சொல்லப்பட்டதை மொழிபெயர்த்ததும் தட்டச்சு செய்ததும் ஒரே பொலிஸ்காரர். வந்தது சிங்களத்தில் ஒரு தாள், அதில் அவருடைய பெருவிரல் அடையாளம். தன்னை அடித்துத்தான் அதை எடுத்தார்கள் என்று அவர் சொன்னார். முதுகில் தழும்புகளும், கண்ணில் பார்வையைக் குறைத்த காயமும் இருப்பதாக மருத்துவ அறிக்கையும் சொன்னது. ஆனாலும் 1995 இல் மேல் நீதிமன்றம் 50 வருடச் சிறை கொடுத்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆகக் குறைந்தது. அந்தத் தாளைத் தவிர அவருக்கு எதிராகப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. 2004 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு, அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று முடிவு சொன்னது. அதை வைத்துக்கொண்டு அவர் நாட்டின் ஆக மேலான நீதிமன்றமான நமது உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, 2006 இல், அந்தக் குழுவின் முடிவுக்கு இங்கே சட்ட வலு இல்லை என்று மனு தள்ளுபடியானது.

சிங்களப் பகுதியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2015 இல் கொட்டதெனியாவவில் ஒரு சின்னப் பெண்பிள்ளை கொல்லப்பட்டபோது முதலில் ஒரு பாடசாலை மாணவனைப் பிடித்தார்கள், அப்புறம் இன்னொருவரைப் பிடித்து அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அறிவித்தார்கள், நாடே அவரைத் தூக்கில் போடு என்று கத்தியது. டீ.என்.ஏ. பரிசோதனையில் இருவருமே இல்லை என்று தெரிந்தது. தண்டனை பெற்றவர் வேறொருவர். அந்தப் பரிசோதனை மட்டும் நடக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பொலிஸிடம் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்று சொல்கிறார்களே?

சாதாரண வழக்கில் சரி. 1895 ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவுப்படி, பொலிஸ் அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, எதிராகப் பாவிக்க முடியாது. ஆனால் 27 ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது: அவர் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தோம் என்றால், அந்த அளவுக்கு அவர் சொன்னது உள்ளே வரும். "அவரே காட்டித் தந்தார்" என்ற வசனம் இவ்வளவு வழக்குகளில் வருவதற்குக் காரணம் அதுதான். அப்படியொன்று இருந்தால், எந்த இடம், எத்தனை மணி, யார் யார் நின்றார்கள், அந்த இடம் பொலிஸுக்கு முதலே தெரியுமா என்று சட்டத்தரணியைக் கேட்கச் சொல்லுங்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் வேறு மாதிரி. 1979 இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982 இல் நிரந்தரமாக்கிய சட்டம் அது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேற்பட்டவரோ எடுத்த ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று அதன் 16 ஆம் பிரிவு சொல்கிறது. அதைவிடக் கொடுமை, அது அடித்து எடுத்தது என்று நிரூபிக்கிற பாரத்தையும் எதிரியின் தலையிலேயே வைத்தது. பூட்டிய அறைக்குள், அடித்தவர்கள் மட்டும் பார்க்க நடந்ததை ஒரு பொடியன் எப்படி நிரூபிப்பான்? அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரை, குற்றவாளி என்று நிரூபிக்கும்வரை எவரும் சுற்றவாளிதான், அதாவது குற்றமற்றவர்தான், என்கிறது. இந்த இரண்டும் ஒரே நாட்டின் சட்டப் புத்தகத்தில் இருப்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

அந்த ஒப்புதலை ஏற்பதா இல்லையா என்று நீதிபதி தனியாக நடத்தும் விசாரணையை வொயர் டயர் என்பார்கள். மருத்துவ அறிக்கை, மொழி, கைது நேரம் எல்லாம் அங்கேதான் பயன்படும்.

இது எங்கள் ஆட்களுக்கு மட்டும் நடப்பதா?

இல்லை, ஆனால் எந்த நாட்டிலும் சந்தேகத்துக்குள்ளான சமூகத்தின் மேல்தான் முதலில் விழுகிறது. 1974 இல் இங்கிலாந்தின் பேர்மிங்காமில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தபோது ஆறு ஐரிஷ்காரரைப் பிடித்தார்கள். அடித்து ஒப்புதல் எடுத்தார்கள், அப்புறம் கைகளைத் துடைத்து ஒரு இரசாயனப் பரிசோதனை செய்து, வெடிமருந்து தொட்ட கைகள் என்று நிபுணர் ஒருவர் 99 வீதம் உறுதியாகச் சாட்சி சொன்னார். அதே பரிசோதனை, சீட்டுக்கட்டின் மேல்பூச்சைத் தொட்டாலும் அதே முடிவைக் காட்டும் என்று பிறகு தெரியவந்தது. அவர்களில் ஐந்து பேர் பிடிபடுவதற்கு முன் ரயிலில் சீட்டு விளையாடிக்கொண்டு வந்தவர்கள். வெளியே வந்தது 1991 இல், 16 வருடம் கழித்து.

தமிழ்நாட்டில் பேரறிவாளன் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 19 வயதில் பிடிபட்டார். தடா என்ற இந்தியப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் எடுத்த வாக்குமூலத்தில் அவர் ஒன்பது வோல்ட் பற்றரி வாங்கிக் கொடுத்த கதை இருந்தது. எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டேன் என்று, அந்த வாக்குமூலத்தைப் பதிந்த அதிகாரியே ஓய்வுபெற்ற பிறகு 2013 இல் சொன்னார். இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே 18 அன்று அவரை விடுவித்தது. 31 வருடம். சொன்னது ஒன்று, கடதாசியில் வந்தது அதில் பாதி.

கைரேகை, டீ.என்.ஏ. என்று அறிக்கை வந்துவிட்டால் முடிந்த கதைதானே?

முடிந்த கதை இல்லை. அறிக்கையை எழுதுவது ஒரு மனிதர், அவருக்குக் கிடைப்பது வேறு மனிதர்கள் எடுத்து, பொதி செய்து, அனுப்பிய ஒரு பொருள்.

2004 இல் ஸ்பெயினின் மட்ரிட் நகரில் ரயில்களில் குண்டு வெடித்தது. ஒரு பையில் இருந்த கைரேகை அமெரிக்காவில் இருக்கும் பிராண்டன் மேஃபீல்ட் என்ற சட்டத்தரணியுடையது, நூறு வீதம் பொருந்துகிறது என்று அமெரிக்க மத்திய புலனாய்வுப் பிரிவான எஃப்.பி.ஐ.யின் நிபுணர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். அவர் இஸ்லாத்துக்கு மாறியவர், முஸ்லிம் பெண்ணை மணந்தவர். இரண்டு வாரம் அடைத்து வைத்த பிறகு, அந்த ரேகை ஒரு அல்ஜீரியருடையது என்று ஸ்பெயின் பொலிஸ் காட்டியது. கைரேகை பொய் சொல்லவில்லை, பார்த்தவர்கள் தாங்கள் தேடியதைக் கண்டார்கள்.

தலைமுடியை நுணுக்குக்காட்டியில் ஒப்பிடுவது இன்னும் மோசம். எஃப்.பி.ஐ. நிபுணர்கள் எதிரிக்குப் பாதகமாகச் சாட்சி சொன்ன 268 வழக்குகளை மீளப் பார்த்து 2015 இல் முடிவு வெளியிட்டார்கள். 95 வீதத்துக்கும் மேலானவற்றில் நிபுணர்கள் விஞ்ஞானம் அனுமதிக்கிற அளவைத் தாண்டிப் பேசியிருந்தார்கள். பல் கடித்த தடத்தை ஒப்பிடுவதையும் இதே வரிசையில் வையுங்கள். அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் 2009 அறிக்கை, டீ.என்.ஏ. ஒன்றைத் தவிர வேறெந்த முறையும் ஒரு தடயத்தை ஒரு குறிப்பிட்ட ஆளோடு உறுதியாக இணைக்கும் என்று கடுமையாக நிரூபிக்கப்படவில்லை என்றது.

அந்த டீ.என்.ஏ.யும் எடுக்கிற கையைப் பொறுத்தது. ஜேர்மனியிலும் பக்கத்து நாடுகளிலும் ஏறக்குறைய 40 குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டீ.என்.ஏ. கிடைத்தது, வருடக்கணக்காக அவளைத் தேடினார்கள். 2009 இல் பார்த்தால் அப்படியொரு குற்றவாளியே இல்லை. மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகள் தயாரான இடத்தில் வேலை செய்த ஒரு பெண்ணின் டீ.என்.ஏ. அந்தக் குச்சிகளிலேயே ஒட்டியிருந்தது.

தம்பியை ஐஸ், ஹெரோயின் என்று பிடித்திருக்கிறார்கள், அரச பகுப்பாய்வாளர் அறிக்கையும் வந்துவிட்டது. இனி என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. இந்த வழக்குகளில் நிறை தான் தலைவிதி, ஹெரோயின் 2 கிராம் தாண்டினாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரைக்கும் போகும். (1976 க்குப் பிறகு இங்கே யாரையும் தூக்கிலிடவில்லை, ஆனால் அந்தத் தீர்ப்போடு உள்ளே கிடப்பவர்கள் இருக்கிறார்கள்.)

பொருள் போகிற வழியைப் பாருங்கள். றோட்டில் பிடித்த பார்சலை நிறுக்கப் பொலிஸார் பல தடவை பக்கத்து அடகுக் கடைக்குத்தான் கொண்டுபோகிறார்கள். நகை நிறுக்கிற தராசு. அங்கே பார்சலோடு நிறுத்தது எவ்வளவு? பிறகு கடித உறைக்குள் போட்டு அரக்கு முத்திரை வைத்து, சந்தேகநபரின் இடது பெருவிரல் அடையாளத்தையும் வைப்பார்கள். சான்றுப்பொருள் பதிவேட்டில் இலக்கம் விழும். அந்த உறை எத்தனை நாள் நிலைய அலுமாரியில் கிடந்தது, யாரிடம் சாவி, எந்தத் திகதியில் யார் கொழும்புக்குக் கொண்டுபோனார், பகுப்பாய்வாளர் வாங்கும்போது முத்திரை உடையாமல் இருந்ததா, அவர் எழுதிய நிறையும் அடகுக் கடை நிறையும் எவ்வளவு வித்தியாசம், அதில் தூய ஹெரோயின் எவ்வளவு? அறிக்கையின் கடைசி வரியை மட்டும் பார்த்து மனம் உடைய வேண்டாம். முதல் வரியில் இருக்கிற திகதியும் முத்திரை விபரமும் அதைவிட முக்கியமாகலாம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால், பகுப்பாய்வு எவ்வளவு சரியாக இருந்தாலும் அது உங்கள் தம்பியிடம் எடுத்த பொருளைப் பற்றியதுதான் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் தடயவியலை நம்பவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. இந்த ஊர்க்காரி நான் அப்படிச் சொல்லவே முடியாது. 2006 ஜனவரி 2 அன்று காந்தி சிலைக்குப் பக்கத்தில் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டே வெடித்தது என்று முதலில் சொல்லப்பட்டது. பிணவறையில் எடுத்த படங்கள்தான் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அந்தப் படங்களை எடுத்த பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அதே மாதம் 24 ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கில் இருந்த 13 பேரும் போதிய சாட்சியம் இல்லை என்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். கடற்கரைப் பக்கம் பின்னேரம் நடக்கும்போது இப்போதும் நான் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்பேன்.

அதே வருடம் ஆகஸ்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் 17 பணியாளர்கள் கொல்லப்பட்டபோது, ஒரு உடலில் எடுத்த சன்னம் 5.56 மில்லிமீற்றரா 7.62 மில்லிமீற்றரா என்றே சர்ச்சை வந்தது. பரிசோதனையைப் பார்வையிட்ட அவுஸ்திரேலிய நிபுணர் முதலில் ஒன்றைச் சொல்லி, பிறகு அது தன் பிழை என்று மாற்றினார். எந்தத் துப்பாக்கி என்பது யார் சுட்டார் என்பதோடு சம்பந்தப்பட்ட விஷயம். இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

நல்ல தடயவியல் குற்றவாளியையும் காட்டும், குற்றமற்றவனையும் காப்பாற்றும். இங்கிலாந்தில் 1986 இல் குற்ற வழக்கொன்றில் டீ.என்.ஏ.யை முதன்முதலாகப் பாவித்தபோது அது விடுவித்தது, செய்யாத கொலையை ஒப்புக்கொண்டிருந்த ஒரு 17 வயதுப் பொடியனை. அவனோடு திருப்தி அடைந்திருந்தால், இரண்டு பெண்பிள்ளைகளைக் கொன்ற உண்மையான ஆள் வெளியிலேயே திரிந்திருப்பான். "குற்றவாளிகளுக்குத்தானே உரிமை கேட்கிறீர்கள்" என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கும் என் பதில் அந்த வழக்குத்தான்.

பொய் கண்டுபிடிக்கிற மெஷினில் உட்காரச் சொன்னால்?

மறுக்கலாம். அது பயத்தையும் படபடப்பையும்தான் அளக்கிறது. சம்மதமில்லாமல் அதைச் செய்வது அரசியலமைப்புக்கு முரண் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010 இல் செல்வி வழக்கில் சொல்லிவிட்டது. அது இங்கே கட்டுப்படுத்தாது, ஆனால் சட்டத்தரணிக்குக் கைகொடுக்கும்.

இப்போதுதான் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். முதலில் என்ன செய்வது?

பதறாமல் நேரத்தை எழுதுங்கள். எத்தனை மணி, எந்த வாகனம், எத்தனை பேர், என்ன காரணம் சொன்னார்கள். காரணம் சொல்ல வேண்டியது அவர்களுடைய கடமை, 13(1) ஆம் உறுப்புரை. சாதாரண வழக்கில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தடுப்புக் கட்டளை போட்டால் மாதக்கணக்கில் இழுக்கலாம், 2022 திருத்தத்துக்குப் பிறகும் 12 மாதம் வரை. 2012 இல் வந்த விதிகளின்படி சட்டத்தரணி ஒருவர் பொலிஸ் நிலையத்துக்கே போய்ப் பொறுப்பதிகாரியைச் சந்திக்கலாம். காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலேயே நிலையம் இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது, தொலைபேசி 1996.

வாக்குமூலம் எழுதினால் அதை விளங்குகிற மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும், அதில் திருத்தவும் சேர்க்கவும் இடம் கொடுக்க வேண்டும். "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, தமிழில் எழுதுங்கள்" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ், அதை அரசியலமைப்புத்தான் சொல்கிறது. கட்டாயம் கையெழுத்து வைத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், "வாசித்துக் காட்டவில்லை" என்று தமிழில் எழுதி அதற்குக் கீழே வைக்கச் சொல்லுங்கள். அடிக்குப் பயந்து எழுதாமல் விட்டாலும் குறை சொல்ல மாட்டேன், ஆனால் முதல் தவணையிலேயே நீதவானிடம் அதைச் சொல்லட்டும்.

அடித்திருக்கிறார்கள். காட்டிக் கொடுத்தால் இன்னும் அடிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. ஆனால் காயம் ஆறிவிடும், ஆறின பிறகு கேட்க ஆளில்லை. சட்ட வைத்திய அதிகாரியிடம் கொண்டுபோகும்போது, பொலிஸார் அறைக்கு வெளியே நிற்க வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள், எங்கே எதனால் அடித்தார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். "விழுந்திட்டன்" என்று பிள்ளை சொன்னால் அறிக்கையிலும் விழுந்ததாகத்தான் வரும். 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதைக்குக் குறைந்தது 7 வருடச் சிறை. கொழும்பு புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரே ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அவர்கள் விசாரிக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. இதைத் தெரியாமல் உரிமையை இழந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து திகதியை விட்டுவிடாதீர்கள்.

தீர்ப்பு வந்து உள்ளே போட்டுவிட்டார்கள். இனி வழியே இல்லையா?

மேன்முறையீட்டுக்கு 14 நாள். தீர்ப்பு வாசித்த அன்றே சட்டத்தரணியிடம் சொல்லிவிடுங்கள். அது தவறினால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் மீளாய்வு அதிகாரம் இருக்கிறது, கடினம், ஆனால் இருக்கிறது. இங்கிலாந்தில் பேர்மிங்காம் அறுவர் போன்ற வழக்குகளுக்குப் பிறகு, பழைய தீர்ப்புகளைத் தோண்டிப் பார்க்கவென்றே 1997 இல் தனி ஆணைக்குழு அமைத்தார்கள். அமெரிக்காவில் 1992 இலிருந்து இன்னசன்ஸ் புரொஜெக்ட் என்ற அமைப்பு இதே வேலையைச் செய்கிறது. நமக்கும் அப்படியொன்று வேண்டும், பல்கலைக்கழகச் சட்டப் பீடங்கள் நினைத்தால் ஒரு சின்னக் குழுவாகவாவது தொடங்கலாம்.

நட்டஈடு?

பிழையான தீர்ப்புக்கென்று இங்கே தனிச் சட்டம் இல்லை. சித்திரவதை, சட்டவிரோதக் கைது என்றால் அடிப்படை உரிமை வழக்கில் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கலாம்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் கெதியாக விடுவார்கள் என்கிறார்கள், ஒப்புக்கொள்ளலாமா?

விளக்கமறியலில் வருடக்கணக்காகக் கிடந்தவருக்கு நான் வெளியில் நின்றுகொண்டு வீரம் சொல்ல முடியாது. புனர்வாழ்வு, குறைந்த தண்டனை என்று கேட்டுச் செய்யாததை ஒப்புக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் அது குற்றத்தீர்ப்பாகப் பதிவாகும். வேலை, வெளிநாடு, அடுத்த தடவை ஊரில் ஏதாவது நடந்தால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், எல்லாவற்றையும் சட்டத்தரணியோடு ஆறுதலாகக் கதைத்துவிட்டு முடிவெடுங்கள்.

என்னென்ன கடதாசியைப் பத்திரப்படுத்த வேண்டும்?

எல்லாவற்றையும். மருந்துத் துண்டு, தவணைத் துண்டு, சிறைச்சாலைக்குப் போன பஸ் ரிக்கற் உட்பட. ஆரம்பத்தில் சொன்ன அந்த மூதூர் அம்மாவிடம், மகனைக் கொண்டுபோன காலையில் கையில் அகப்பட்ட நாட்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் அவர் எழுதி வைத்தது இருந்தது: "9.40, வெள்ளை வான், நாலு பேர், ஒராள் சேட்டு நீலம்." பொலிஸ் பதிவில் கைது நேரம் பின்னேரம் 5 மணி என்று இருந்தது. இடையில் இருந்த ஏழு மணித்தியாலத்தைப் பற்றி வொயர் டயரில் சட்டத்தரணி கேட்ட முதல் கேள்வியே அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டுதான்.